வெல்டரின் கண்ணுக்கு யார் பொறுப்பு? ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட்டும் புதிய தொழிலாளர் சட்டமும்

நாட்டின் எந்த நகரத்தில் நீங்கள் வேலை பார்த்தாலும் சரி, அலுவலகம் போகும் வழியில் எங்காவது ஒரு நீல வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். மெட்ரோ தூண், பாதி எழும்பிய அடுக்குமாடி, தெருமுனை கிரில் பட்டறை. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். அந்த வெளிச்சத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அது முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் ஒன்று தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதற்குள் வந்துவிட்டது. சம்பளம், பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றித்தான் அதிகம் பேசினோம். ஆனால் ஒரு வெல்டரின் கண்ணை இந்தச் சட்டம் காப்பாற்றுமா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

"நான் வெல்டர் இல்லையே, எனக்கெதுக்கு இது?" என்று கேட்கலாம். நீங்கள் சைட் இன்ஜினியராக இருக்கலாம். பர்ச்சேஸ் பிரிவிலோ, ஹெச்.ஆரிலோ, பாதுகாப்பு அதிகாரியாகவோ இருக்கலாம். அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்தலாம். அல்லது குடியிருக்கும் அபார்ட்மெண்டில் கேட் வேலைக்கு ஆள் வைத்திருக்கலாம். எந்த ஹெல்மெட் வாங்குவது, வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் வெல்டர் இல்லை. அது உங்களைப் போன்ற ஒருவர்தான்.

ஆர்க் வெளிச்சம் கண்ணை என்ன செய்கிறது?

வெல்டிங் ஆர்க்கிலிருந்து மூன்று வகைக் கதிர்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் கண்ணின் ஒவ்வொரு பகுதியைத் தாக்குகிறது.

முதலாவது, புற ஊதாக் கதிர். கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கார்னியா இதை உறிஞ்சி வெந்துபோகிறது. வெயிலில் தோல் கருகுவது போலத்தான். பட்டறைகளில் இதை "கண்ணுல வெல்டிங் அடிச்சிருச்சு" என்பார்கள். அடித்த உடனே தெரியாது. பொதுவாக 6 முதல் 12 மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்தில்தான் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. வேலையிடத்தில் யாருக்கும் தெரியாமல் போவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், குறிப்பாக அதன் நீலப் பகுதி. இது கார்னியாவைக் கடந்து விழித்திரைவரை போகும். அங்கே ஏற்படும் காயத்தில் பெரிய வலி இருக்காது. ஆனால் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

மூன்றாவது, அகச்சிவப்புக் கதிர், அதாவது வெப்பம். வருடக்கணக்கில் இது கண்ணின் லென்ஸைப் பாதித்துக் கண்புரையைக் கொண்டுவரலாம். பணியாளர் இழப்பீட்டுக்கான 1923-ம் ஆண்டுச் சட்டத்திலேயே, அகச்சிவப்புக் கதிரால் வரும் கண்புரை தொழில்சார் நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2017-ல் வெல்டிங்கின் புற ஊதாக் கதிரையும் வெல்டிங் புகையையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. அந்தக் கதிரால் வருவதாக அது குறிப்பிட்டது கண்ணில் வரும் மெலனோமா.

ஷீல்டு இருந்தும் ஏன் அடிபடுகிறது?

பல இடங்களில் ஷீல்டு இருக்கிறது. இருந்தும் அடிபடுகிறது. இதற்குக் காரணம் வெல்டரின் அலட்சியம்தான் என்று முடித்துவிடுவது சுலபம். வேலை நடக்கும் விதத்தைக் கவனித்தால் வேறு காரணம் தெரியும்.

சாதாரண ஷீல்டில் இருக்கும் கருப்புக் கண்ணாடி வழியாக ஆர்க் எரியும்போது மட்டும்தான் பார்க்க முடியும். ஆர்க் இல்லாதபோது அது வெறும் இருட்டு. ராடை எங்கே வைப்பது என்று தெரிய ஷீல்டைத் தூக்கியே ஆக வேண்டும். இடம் பார்த்து, ராடை வைத்து, ஷீல்டை இறக்கி, உரசி ஆர்க் பிடிக்க வேண்டும். இறக்கும்போது கை கொஞ்சம் அசைந்தாலும் ராடு வேறிடத்தில் போய் உட்காரும். கையில் பிடிக்கிற ஷீல்டாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஒரு கையில் ஹோல்டர், ஒரு கையில் ஷீல்டு. அப்புறம் பீஸை யார் பிடிப்பது?

டேக் வைக்கும் வேலையில் இது உச்சத்துக்குப் போகும். ஒரு ஜன்னல் கிரில்லுக்கே பல டேக். ஒவ்வொன்றும் ஓரிரு நொடி வேலை. அத்தனை முறையும் ஷீல்டை ஏற்றி இறக்க யாருக்கும் பொறுமை இருக்காது. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அதற்கு நேரமும் கிடையாது. ஆகவே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு "டப்" என்று ஒரு டேக். பக்கத்தில் பீஸைப் பிடித்திருக்கும் ஹெல்ப்பர் பையனுக்கு அந்தக் கண்ணாடியும் இல்லை.

பாதுகாப்புக் கருவி வேலையைத் தடுத்தால் மனிதர்கள் கருவியைத்தான் கழற்றுவார்கள். எந்தத் தொழிலிலும் இதுதான் நடக்கும். ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் தேவைப்படுவது இதனால்தான். அது சொகுசுப் பொருள் இல்லை. ஷீல்டைத் தூக்க வேண்டிய காரணத்தையே அது எடுத்துவிடுகிறது.

அது எப்படி வேலை செய்கிறது?

1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்து சந்தைக்கு வந்த தொழில்நுட்பம் இது. கண்ணாடிக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் வடிகட்டி. தரமான ஹெல்மெட்டில் இது எப்போதும் வேலை செய்யும். பேட்டரி தீர்ந்துபோனாலும் செய்யும். இரண்டு, டிஜிட்டல் வாட்ச், கால்குலேட்டரில் இருக்கும் அதே திரவப் படிக அடுக்கு. மின்னழுத்தம் வந்ததும் கருத்துவிடும். மூன்று, முன்பக்க சென்சார்கள். ஆர்க் எரிந்தவுடன் அதை உணர்ந்து கட்டளை கொடுப்பவை இவைதான்.

வேகம் எவ்வளவு? நல்ல மாடல்களில் நொடியில் 25,000-ல் ஒரு பங்கு. நாம் ஒருமுறை கண் சிமிட்டவே ஏறக்குறைய 0.1 நொடிக்கு மேல் ஆகும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹெல்மெட் கருக்கத் தவறினாலும் புற ஊதாக் கதிர் தடுக்கப்படும். ஆனால் வெளிச்சம் உள்ளே வரும், விழித்திரைக்கு ஆபத்து உண்டு. ஆகவே "கண் எரியலையே, அப்போ ஹெல்மெட் நல்லாத்தான் இருக்கு" என்ற கணக்கு தவறு. கருக்காமல் பளிச்சென்று ஒருமுறை அடித்தால்கூட, அந்த ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஷேடு எண் என்றால் என்ன?

கண்ணாடி எவ்வளவு கருப்பு என்பதைச் சொல்வது ஷேடு எண். ஷேடு 3 ஏறத்தாழ 14 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். ஷேடு 10 விடுவது 0.014 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு எண் கூடும்போதும் வெளிச்சம் சுமார் 2.7 மடங்கு குறையும். ஆகவே 9-க்குப் பதில் 11 என்பது சின்ன வித்தியாசம் இல்லை, ஏழு மடங்கு வித்தியாசம்.

எந்த வேலைக்கு எது? அமெரிக்க வெல்டிங் வழிகாட்டுதல்கள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. அவற்றின்படி சாதாரண ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை ஷேடு 10, அதற்கு மேல் 250 ஆம்பியர் வரை 12 பரிந்துரைக்கப்படுகிறது. மிக் வெல்டிங்குக்கு அதே ஆம்பியர் அளவுகளில் 11, 12. டிக் வெல்டிங்கில் 50 ஆம்பியருக்குக் கீழ் 10, அதற்கு மேல் 150 வரை 12. கருப்பில் தொடங்கி, வேலை தெளிவாகத் தெரியும்வரை ஓர் எண்ணாகக் குறைத்துக்கொண்டு வருவது நல்ல பழக்கம்.

கேஸ் வெல்டிங்குக்கு 4 முதல் 8 வரை போதும். ஆகவே கேஸ் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆர்க் வெல்டிங் செய்யக் கூடாது. கூலிங் கிளாஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆன்லைனில் சுமார் ஆயிரம் ரூபாயிலிருந்து பல பத்தாயிரம் ரூபாய் வரை கிடைக்கிறது. விலையைவிட முக்கியமான ஐந்து விஷயங்கள் இருக்கின்றன.

முதலில், கண்ணாடிக் கட்டத்தின் மேல் பொறித்திருக்கும் வரி. ஐரோப்பியத் தரமான இஎன் 379-ன்படி செய்யப்பட்டதில் '4/9-13', '1/1/1/2', '379' போன்ற எண்கள் இருக்கும். 4 என்பது ஆர்க் இல்லாதபோது இருக்கும் ஷேடு. 9-13 என்பது கருக்கும் அளவு. அடுத்த நான்கு எண்கள் தெளிவுக்கான மதிப்பெண்கள்: காட்சி சிதையாமல் தெரிவது, ஒளி சிதறாமல் இருப்பது, கண்ணாடி முழுக்க ஒரே கருப்பு, சாய்ந்து பார்த்தாலும் அதே கருப்பு. 1 சிறந்தது, 3 குறைந்தது. புதிய மாடல்களில் ஐஎஸ்ஓ 16321 என்ற எண்ணையோ, அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ இசட் 87.1 என்பதையோ பார்க்கலாம். வெறும் 'சிஇ' ஸ்டிக்கர் மட்டும் இருந்து, தர எண் எதுவும் இல்லையென்றால் யோசியுங்கள். நம் நாட்டில் வெல்டிங் கண் பாதுகாப்புக்கான ஐஎஸ் 1179 தரம் 1967-ல் வெளியானது. அப்போது தானாகக் கருக்கும் கண்ணாடியே சந்தையில் இல்லை. அதனால் வெளிநாட்டு எண்களைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

இரண்டாவது, சென்சார் எண்ணிக்கை. மேசை மேல் வைத்துச் செய்யும் வேலைக்கு இரண்டு போதும். குழாய்க்குப் பின்னால், மூலையில், படுத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு ஒரு சென்சார் மறைந்துவிட வாய்ப்பு அதிகம். நான்கு சென்சார் இருப்பது நல்லது.

மூன்றாவது, டிக் வெல்டிங் செய்வீர்களா என்பது. குறைந்த ஆம்பியரில் ஆர்க் மெல்லியதாக இருக்கும். விலை குறைந்த சென்சார்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். எத்தனை ஆம்பியர் வரை உணரும் என்று மாடல் விவரத்தில் பாருங்கள்.

நான்காவது, சென்சிட்டிவிட்டி, டிலே என்ற இரண்டு திருகுகள். வெயிலில் தேவையில்லாமல் கருக்காமல் இருக்க முதலாவது உதவும். ஆர்க் அணைந்த பிறகும் தகதகக்கும் உலோகத்தைப் பார்க்காமல் இருக்க இரண்டாவது உதவும். கிரைண்டிங் மோட் இருந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாவது, பேட்டரியும் மேல் கண்ணாடியும் மாற்றக்கூடியதா என்பது. சில மலிவு மாடல்களில் பேட்டரி உள்ளேயே சீல் செய்யப்பட்டிருக்கும். சோலார் என்று எழுதியிருந்தாலும் உள்ளே பேட்டரி இருக்கலாம். அது தீர்ந்தால் ஹெல்மெட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். பொறி பட்டுப் புள்ளி விழும் வெளிப்புற பிளாஸ்டிக் தகடு தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். அது மங்கினால் வெல்டர் மறுபடியும் ஹெல்மெட்டைத் தூக்க ஆரம்பித்துவிடுவார்.

ஹெல்மெட் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. ஸ்லாக் தட்டும்போது, கிரைண்டர் ஓட்டும்போது ஹெல்மெட்டைத் தூக்கிவிடுவார்கள். அப்போதுதான் துகள் கண்ணில் பாயும். ஆகவே ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் ஒரு சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். சில நூறு ரூபாய் செலவுதான். பக்கத்தில் வெல்டிங் செய்யும் இன்னொருவரின் வெளிச்சம் பக்கவாட்டில் அடிப்பதையும் அது ஓரளவு தடுக்கும்.

ஹெல்ப்பருக்கும் ஹெல்மெட் வேண்டும். நடமாட்டம் உள்ள இடத்தில் வெல்டிங் திரை கட்ட வேண்டும். சைட்டைச் சுற்றிப் பார்க்கப் போகும் இன்ஜினியருக்கும் இது பொருந்தும். வெள்ளைச் சுவர், பளபளக்கும் ஸ்டீல் தகடு ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் கதிரும் கண்ணைத் தாக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டிங் செய்தால் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கதை பல வருடமாகச் சுற்றுகிறது. அது உண்மையில்லை. ஆனால் தூசியும் புகையும் இருக்கும் இடத்தில் லென்ஸ் உறுத்தும். பவர் கண்ணாடி போட்டு, மேலே ஹெல்மெட் போடுவது வசதி.

அடித்துவிட்டால் என்ன செய்வது?

இருட்டறையில் ஓய்வு, கண்ணை மூடி மேலே சுத்தமான ஈரத்துணி, கண்ணைத் தேய்க்காமல் இருப்பது. கார்னியா பொதுவாக 24 முதல் 48 மணி நேரத்தில் ஆறிவிடும். மூடிய இமை மேல் உருளைக்கிழங்குத் துண்டு வைத்தால் குளிர்ச்சி கிடைக்கும், அதற்கு மேல் பலன் இல்லை. தாய்ப்பால் உட்பட எதையும் கண்ணுக்குள் ஊற்றாதீர்கள். காயம்பட்ட கார்னியாவில் கிருமி சேர வழி அது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மரத்துப்போகும் சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. ஒரு சொட்டில் வலி போய்விடும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் கார்னியா ஆறாமல் புண்ணாகிவிடும். மருத்துவர் பரிசோதனைக்காக ஒருமுறை போடும் மருந்து அது, வீட்டில் வைத்துக்கொள்ளும் மருந்து இல்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

இரண்டு நாளில் சரியாகவில்லை, பார்வை மங்குகிறது, நடுவில் புள்ளி தெரிகிறது என்றால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கிரைண்டிங் துகள் பாய்ந்திருந்தால் நீங்களே எடுக்க முயலாதீர்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், கண்ணில் உலோகத் துகள் பட்டிருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

புதிய தொகுப்பின்படி, பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அதாவது ஹெல்மெட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய முடியாது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்றும் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொகுப்பின் பொதுவான கடமைகள் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான். 'தொழிற்சாலை' என்ற வரையறை, மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் 10 பேரிலிருந்து 20 பேராக உயர்ந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான தனிப் பகுதி முன்பு 20 பேருக்கு. இப்போது 50 பேர் இருந்தால்தான். சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டு வேலை 50 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால், கட்டுமானப் பணி என்ற வரையறைக்குள்ளேயே வராது. ஆபத்தான தொழில் என்று அரசு அறிவிக்கை வெளியிட்டால் ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் சட்டத்தை நீட்டிக்கலாம். ஆனால் அதற்கு அறிவிக்கை வர வேண்டும்.

தெருமுனை கிரில் பட்டறையில் இருப்பது முதலாளி, ஒரு வெல்டர், இரண்டு பையன்கள். அபார்ட்மெண்ட் கேட்டைச் சரிசெய்ய வருபவர் ஒரே ஆள். பழைய சட்டத்திலும் இவர்கள் பெரும்பாலும் வெளியே, புதியதிலும் வெளியே. 20 வயதில் ராடு பிடிக்கத் தொடங்குபவருக்கு, 40 வயது பரிசோதனை வருவதற்குள் இருபது வருட ஆர்க் வெளிச்சம் கண்ணில் ஏறியிருக்கும்.

இழப்பின் கணக்கும் சட்டத்தில் இருக்கிறது. 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி, மற்ற கண் நன்றாக இருக்கும் நிலையில் ஒரு கண்ணை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு. நேராக ஒரு கோடு வெல்டு போட இரண்டு கண்ணும் தேவைப்படும் தொழிலில் அந்த 40 சதவீதம் எவ்வளவு என்று எந்த வெல்டரிடமும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

2,500 ரூபாய் ஹெல்மெட் இரண்டு வருடம் உழைத்தால், வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு நான்கு ரூபாய்க்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஒரு டீ விலைகூட இல்லை. ஆனால் நாள் கூலிக்காரர் ஒருவருக்கு அந்த 2,500-ஐ ஒரே நாளில் எடுத்து வைப்பது பெரிய விஷயம். உங்கள் நிறுவனத்துக்கு அது ஒரு வரிச் செலவு.

ஆகவே வொர்க் ஆர்டரில் அந்த ஒரு வரியைச் சேருங்கள். "வெல்டருக்கும் ஹெல்ப்பருக்கும் தர எண் உள்ள ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட், உள்ளே பாதுகாப்புக் கண்ணாடி, செலவு ஒப்பந்தத் தொகையில் தனியாக." தனியாக என்பது முக்கியம். மொத்தத் தொகைக்குள் அடக்கினால் கான்ட்ராக்டர் முதலில் வெட்டுவது அதைத்தான். சைட்டுக்குள் விடும் முன் ஹெல்மெட்டின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். அபார்ட்மெண்ட் சங்கத்தில் இருந்தால், டிரில், ஏணி வாங்கி வைப்பது போல ஒரு ஹெல்மெட்டும் வாங்கி வையுங்கள். வேலைக்கு வருபவர் போட்டுக்கொண்டு செய்யட்டும்.

சட்டத்தின் கோடு 10 பேரில் நிற்கிறது. அதற்குக் கீழே இருக்கும் வெல்டரின் கண்ணுக்கு, இப்போதைக்கு, வேலை கொடுப்பவர்தான் சட்டம்.